சேஃப்டி சாரின் சித்தப்பா மகன்

"அழிக்க மாட்டேன்னா மாட்டேன். போலீசைக் கூட்டிட்டு வந்தாலும் மாட்டேன்."

"அக்கா, கத்தாத. பக்கத்து வீட்டுல கேக்குது."

"கேக்கட்டும். சாமி வந்து நின்ன வீடியோவை அழிக்கச் சொல்ற மனுசன் எந்த வீட்டுல இருக்கான்னு எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்."

பக்கத்து வீட்டில் கேட்கத்தான் செய்தது. பக்கத்து வீடு என்ன, கிளென்பர்ன் தோட்டத்தில் அந்த வரிசை முழுக்கத் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்து போயிருந்தது. மலேசியாவின் பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு சுவர் என்பது பெயருக்குத்தான். நீலாவதியின் குரலுக்கு முன்னால் அந்தப் பெயரும் இல்லை.

சங்கதி இதுதான். முந்தின நாள் முனியாண்டி கோவில் திருவிழா. வழக்கம்போல நீலாவதியின் தம்பி சத்தியசீலன் மேல் சாமி இறங்கியது. நிமிர்த்திப் பிடித்த இரண்டு வெட்டுக்கத்திகளின் கூர்மேல் வெறுங்காலோடு ஏறி நின்றது. வாயில் சுருட்டு புகைந்துகொண்டே இருக்க, அருள்வாக்குச் சொன்னது. கூட்டம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுத் தலையாட்டியது. நீலாவதி அதைக் கைப்பேசியில் பிடித்து முகநூலில் போட்டாள். வீடியோவில் உறுமிச் சத்தத்தை மீறி வாக்கு ஒன்றும் காதில் விழாது. ஆனால் படம் பளிச்சென்று இருந்தது.

போட்டதோடு விட்டிருந்தால் சண்டையே இல்லை. தம்பியின் பெயரையும் அதோடு ஒட்டிவிட்டாள். அதுவும் தப்பான பெயரை.

சத்தியசீலனுக்கு முகநூலில் இரண்டு வாசல். 'முனிபிள்ளை சத்யா' என்பது ஒன்று. பூட்டுப் போட்டது, கோவிலும் குடும்பமும் மட்டும் உள்ளே வரும். இன்னொன்று 'சத்தியசீலன் ராமகிருஷ்ணன், பாதுகாப்பு அதிகாரி'. தோட்டத்துக்குள் இருக்கும் எண்ணெய் ஆலையில் அவன் பார்க்கும் உத்தியோகம் அது. அந்த வாசலில் நீலச் சட்டை, டை, மஞ்சள் ஹெல்மெட் சகிதம் நின்றுகொண்டு, திங்கள் தவறாமல் ஒரு வாசகம் எழுதுவான். போன திங்கள் எழுதியது: 'வெறுங்காலில் வராதீர். உங்கள் பாதம் உங்கள் குடும்பத்தின் சொத்து.'

அதற்கு நேர் மேலே இப்போது கத்திமேல் வெறும் பாதம் நின்றது.

சத்தியசீலன் அந்த வீடியோவை உத்தியோகக் கண்ணால் பார்த்தான். காலில் பூட்ஸ் இல்லை. ஆயுதத்துக்கு உறை இல்லை. உயரத்தில் பிடிமானம் இல்லை. தீப்பந்தத்துக்குப் பக்கத்திலேயே சுருட்டு. ஆலையில் ஒருவன் இப்படி நின்றிருந்தால் அவனே எச்சரிக்கைக் கடிதம் நீட்டியிருப்பான்.

"அக்கா, கோலாலம்பூர் ஆபீஸ்லேர்ந்து ஆள் எடுக்குறாங்க. எல்லா ஆலைக்கும் சேர்த்து ஒரே சேஃப்டி தலைவர். சிரம்பான்ல ஆபீஸ். அதுக்கு என் பேரும் போயிருக்கு. எடுக்குற அம்மா எல்லாரோட முகநூலையும் நோண்டிப் பார்ப்பாங்களாம். ஹெல்மெட் இல்லாம மோட்டார் ஓட்டுன படத்தைப் போட்டவனையே வேணாம்னுட்டாங்களாம். நான் கத்தி மேல நிக்கிறேன்."

"நீயா நின்ன? சாமி நின்னுச்சு."

"அதை அந்தம்மாகிட்ட நீ போய்ச் சொல்றியா?"

"சொல்றேன்லா. நம்பர் குடு."

அவன் நம்பர் கொடுக்கவில்லை. அக்கா குளிக்கப் போகும்வரை பொறுத்திருந்து அவள் கைப்பேசியை எடுத்தான். அது மலாய் மொழியில் கேள்விமேல் கேள்வி கேட்டது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. பதறிப்போய்க் கட்டைவிரலால் எதையோ அழுத்தினான். வீடியோ அழியவில்லை. நேராகப் போய் 'ஆலைக் குடும்பம்' என்ற குழுவில் உட்கார்ந்துகொண்டது. மேலாளர் லியோங்கிலிருந்து கேண்டீன்காரம்மா பஞ்சாலை வரைக்கும் அந்த ஆலையில் சம்பளம் வாங்குகிற எல்லாரும் அவர்கள் வீட்டாரும் உள்ள குழு அது.

முதலில் ஒரு கும்பிடு விழுந்தது. அப்புறம் கும்பிடாகவே கொட்டியது. நடுவில் ஒரு லோரி டிரைவர் கேட்டான்: "இது நம்ம சேஃப்டி சார்தானே?"

சத்தியசீலன் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய பொய்யை, எச்சரிக்கைப் பலகைக்கு எழுதுவது போல் சுத்தமான தமிழில் எழுதினான்: "அனைவருக்கும் தெளிவுபடுத்துவது. காணொளியில் இருப்பவர் நான் அல்லன். என் சித்தப்பா மகன் தேவன். முகச்சாயல் மட்டும் ஒன்று."

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. அவனுடைய அப்பா ராமகிருஷ்ணன் தாய் தகப்பனுக்கு ஒரே பிள்ளை. சித்தப்பா என்று ஓர் ஆள் பிறக்கவே இல்லை. அந்தக் குழுவில் பாதிப் பேருக்கு இது தெரியும். ஆலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா ராமசாமி, ராமகிருஷ்ணன் கல்யாணத்தில் பந்தல் கட்டியவர்.

பதில் வந்தது. முதல் ஆளாக அதே ராமசாமிதான் எழுதியிருந்தார்: "ஓ, தேவனா."

அடுத்து பஞ்சாலை: "நான்கூட சார்னு நெனச்சேன். பார்த்தா தேவன்."

லோரி டிரைவர்: "ஆமாலா. மூக்கு வேற மாதிரி இருக்கு."

சத்தியசீலன் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியிலும் போய் மூக்கைப் பார்த்தான். எழுத்தில் போட்டுவிட்டால் கண்ணால் கண்டதைக்கூட மனுசன் மறந்துவிடுவானா? இந்த முகநூல் என்கிற சமாச்சாரத்துக்கு இவ்வளவு வல்லமையா?

காலையில் ஆலைக்குப் போனதும் லியோங் கூப்பிட்டார். கெமாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சீனர். தமிழில் திட்டுவதற்கு அவரிடம் இருக்கும் சொற்கள் ஆட்களை மேய்க்கும் மண்டோருக்கே தெரியாது.

"சத்யா, உங்க சித்தப்பா மகன் ரொம்பப் பவரு."

"சும்மா, கோவில் விசயம் பாஸ்."

"புது பாய்லர் அடுத்த வாரம் பத்த வெக்கிறோம். எனக்குப் பயம். போன பாய்லர் என்னா பாடு படுத்திச்சு, ஞாபகம் இருக்கா? பூசை போடணும். தேவனைக் கூட்டிட்டு வா."

"அவன் வெளியூர்ல இருக்கான் பாஸ்."

"எந்த ஊரு?"

"சுவா."

"சுவா வெளியூரா? கார் அனுப்புறேன்."

"வேணாம் பாஸ். அவனுக்குக் கார்ல வந்தா தல சுத்தும். தானா வந்துருவான்."

லியோங் கொஞ்சங்கூடச் சிரிக்காமல் தலையாட்டினார். "நல்லது. கே.எல்.லேர்ந்து ரோகினி மேடமும் அன்னிக்குத்தான் வராங்க. உன்னைப் பார்க்கத்தான். நீயும் பக்கத்துல இருக்கணும்."

ஆக, பாய்லர் முன்னால் தேவனும் வேண்டும், சத்தியசீலனும் வேண்டும்.

இல்லாத ஆளை வரவழைப்பதற்கு முன்னால் அவனுக்கு ஒரு விலாசமாவது வேண்டும் என்று சத்தியசீலனுக்குத் தோன்றியது. முகநூலில் மூன்றாவதாக ஒரு வாசல் திறந்தான். 'தேவன், சுவா'. படத்துக்கு ஒரு வேப்பிலைக் கொத்து. அவ்வளவுதான் செய்தான். கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சோறு சாப்பிடப் போனான்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தால் வாசலில் ஊரே நிற்கிறது. பாதுகாப்பு அதிகாரி சத்தியசீலனுக்கு வருசக்கணக்காகச் சேர்ந்த கூட்டம் தேவனுக்கு ஒரு சாப்பாட்டு நேரத்தில் சேர்ந்துவிட்டது. அது மட்டுமா, உள்பெட்டியில் வந்து ஒவ்வொருவராக மனசைத் திறந்தார்கள். பழம் வெட்டுகிற ஒருவன் தோள்வலி என்றான். லோரி டிரைவர் ஸ்டியரிங் பிடித்தபடியே கண் சொக்குகிறது என்றான். லியோங் தூக்கமே வருவதில்லை சாமி என்று எழுதியிருந்தார். சத்தியசீலன் பார்க்கக்கூடாதது என்று பாதியில் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு முழுவதையும் படித்தான்.

பதில் எழுதாமல் இருந்தால் சந்தேகம் வருமே. எழுதினான். தேவன் பேரில் எழுதினாலும் விரல் சேஃப்டி சாருடைய விரல்தானே? 'மட்டைக்கு நேர் கீழே நிற்காதே மகனே.' 'கண் சொக்கினால் லோரியை ஓரங்கட்டு.' 'தலைக்கவசம் இல்லாத தலையை நான் காக்க மாட்டேன்.'

மறுநாள் காலை ஆலை வாசலில் அவன் கண்ட காட்சி இருக்கிறதே, அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவன் குரல் இறங்கிவிடும். ஷிப்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேர் தலையிலும் ஹெல்மெட். தாடைக்குக் கீழே வார் மாட்டியிருக்கிறது. ஹெல்மெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதில் காய்கறி வாங்கிப் போகிற ஆட்கள். அவன் கெஞ்சியும் மிரட்டியும், படம் போட்டுக் காட்டியும் தலையில் ஏறாத ஹெல்மெட். காலை வெயிலில் மஞ்சள் மஞ்சளாக, பூத்த தோட்டம் நடந்து வருவது போல வந்தது.

"என்ன அங்கிள், எல்லாரும் போட்டிருக்காங்க?" என்று ராமசாமியிடம் கேட்டான்.

"தேவன் சொல்லிட்டாருல்ல?"

"நான் அதைத்தானே இவ்வளவு நாளும் சொன்னேன்?"

"நீங்க சம்பளம் வாங்கிட்டுச் சொல்றீங்க சார்," என்றார் ராமசாமி.

சத்தியசீலனுக்குத் தேவன்மேல் முதன்முறையாகப் பொறாமை வந்தது. நீலாவதியிடம் போய்ப் புலம்பினான். அவள் தேவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இல்லாத சித்தப்பாவுக்கு ஏது மகன் என்று கூடப்பிறந்தவளாவது கேட்க வேண்டுமே? "நல்ல பிள்ளை," என்று மட்டும் சொல்லி, வீடியோவில் ஒட்டியிருந்த தம்பி பெயரை எடுத்துத் தேவன் பெயரை ஒட்டிவிட்டு, ரசத்துக்குத் தாளித்தாள். கூடப்பிறந்தவளையே மாற்றிவிட்டதே இந்த முகநூல் என்று அவன் வாயைப் பிளந்தான்.

பாய்லர் நாள் வந்தது. திட்டம் தெளிவாக இருந்தது. முதலில் தேவனாக வந்து கொஞ்சம் ஆடிக் காட்டி, திருநீறு கொடுத்து, பாய்லர் கொட்டகைக்குப் பின்னால் ஓடி, நீலச் சட்டை மாட்டிக்கொண்டு, கோப்போடு திரும்ப வேண்டும். சாமி வராது, வருவதுபோல நடிப்பதுதான். முனியாண்டியிடம் மனசுக்குள் மன்னிப்பும் கேட்டு வைத்தான்.

சிவப்பு வேட்டியும் மாலையுமாய் வாசலுக்கு வந்தவனை ராமசாமி கையை நீட்டி மறித்தார்.

"சாமி மன்னிக்கணும். வெறுங்கால்ல உள்ள விடக்கூடாதுன்னு சேஃப்டி சார் உத்தரவு."

"நான் தேவன்."

"தெரியும் சாமி. ஆனா அவரு ரொம்பக் கண்டிப்பு. பட்டம் வாங்குன டத்தோ வந்தாலும் பூட்ஸ் போடாம விடாதேன்னு சொல்லியிருக்காரு."

சொன்னது உண்மை. சொன்னபோது இருந்த விறைப்பும் அவனுக்கு நினைவு இருந்தது. வேறு வழியில்லாமல் ராமசாமி நீட்டிய பூட்ஸைப் போட்டான். ஹெல்மெட் வைத்துக்கொண்டான். மாலைக்கு மேல் பளபளக்கும் மஞ்சள் மேலங்கி. கையில் சுருட்டு, ஆனால் ஆலைக்குள் பற்ற வைக்க அனுமதி இல்லை. இந்தக் கோலத்தில் முனியாண்டி நடந்து போனார். இரு பக்கமும் ஆலைத் தொழிலாளர்கள் கைகூப்பி நின்றார்கள். கடைசியில் லியோங் பக்கத்தில், சாம்பல் நிறச் சட்டை, குட்டை முடி, நெற்றியில் சின்னப் பொட்டோடு ஓர் அம்மா. ரோகினி.

உறுமி எழும்பியது.

நடிக்கத்தான் வந்தான். சத்தியமாக நடிக்கத்தான். ஆனால் உறுமியின் அந்த இழுப்புச் சத்தமும் ஆலை இயந்திரங்களின் உறுமலும் ஒன்றாகக் கலந்தபோது அவன் கால் தானாகத் தாளத்துக்கு எழும்பியது. அப்புறம் நடந்தது அவனுக்குத் தெரியாது. பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொன்னதுதான் இது.

ஹெல்மெட்டுக்குக் கீழே இருந்த முகம் மாறிப்போனது. நிமிர்ந்து நின்றபோது ஆள் ஒரு முழம் வளர்ந்ததுபோல் இருந்தது. பற்ற வைக்காத சுருட்டிலிருந்து புகை வந்தது என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. அதை நம்புவது அவரவர் பாடு. பூட்ஸ் கால் தரையில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் இரும்புப் படிகள் அதிர்ந்தன. பாய்லரை ஒரு சுற்றுச் சுற்றி, பக்கவாட்டில் இருந்த ஒரு வால்வுக்கு முன்னால் நின்று, விரலை நீட்டி, "இதுக்கு மூச்சு முட்டுது," என்றது சாமி.

அந்த வால்வு சரியில்லை என்று சத்தியசீலன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். சாமி விரலை நீட்டியதும் லியோங்கே ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கழற்றிப் பார்த்தால், ஏற்றி வந்த வழியில் தண்ணீர் புகுந்து உள்ளே துருவேறி ஒட்டிக் கிடந்தது. பற்ற வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ரோகினி மேடம் செருப்பைக் கழற்றப் போய், பாதுகாப்பு பூட்ஸ் என்று நினைவு வந்து, கையை மட்டும் கூப்பினார்.

சாமி மலையேறியதும் சத்தியசீலன் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தான். பஞ்சாலை தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தாள். பதறி எழுந்து நீலச் சட்டையை மாட்டி, டையை இழுத்துக் கட்டி, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தான். கன்னத்தில் சந்தனம் அப்படியே இருந்தது. டை முடிச்சில் ஒரு சாமந்திப்பூ இதழ் ஒட்டியிருந்தது.

"மிஸ்டர் சத்தியசீலன், இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?" என்றார் ரோகினி.

"தீயணைப்பானைச் சோதிக்கப் போனேன் மேடம்."

"உங்க சித்தப்பா மகன் இப்பத்தான் போனார்."

"அப்படியா மேடம்? பார்க்க முடியாமப் போச்சே."

லியோங் கூரையைப் பார்த்தார். ராமசாமிக்கு இருமல் வந்தது. பஞ்சாலை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

ரோகினி அந்தச் சாமந்தி இதழையே சிறிது நேரம் பார்த்தார். சத்தியசீலனுக்கு சிரம்பான் ஆபீசின் கதவு கண்ணெதிரே சாத்திக்கொள்வது தெரிந்தது.

"உங்க பக்கத்தை முழுசாப் படிச்சேன். குடும்பம், கோவில், சாப்பாடு, ஒண்ணுமே இல்ல. வேலை மட்டும்தான். வீட்டையும் வேலையையும் இப்படிப் பிரிச்சு வெக்கிற ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்," என்றார். "சிரம்பானுக்கு எப்ப வரமுடியும்?"

"நாளைக்கே மேடம்," என்றான் சத்தியசீலன். முகநூலுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டான்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அவன் சிரம்பானில் வீடு பார்த்துக் குடி போனான். நீலாவதி சமையல் அங்கேயும் நடக்க வேண்டும் என்று கூடவே மூட்டை கட்டினாள். ராமசாமி ஜாகா வேலையை விட்டு, கெமாஸில் இருக்கும் மகள் வீட்டோடு போனார். தேவனின் பக்கத்தை மூடிவிடப் பார்த்தான் சத்தியசீலன். மூடாதீங்க சாமி என்று லியோங்கே கெஞ்சி எழுதியதால் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறான். சுவாவிலேயே பெண் அமைந்தது; ரதி, பள்ளிக்கூட ஆசிரியை. கல்யாணம் பகாவ் மண்டபத்தில். ஆலையே வந்து இறங்கியது. ரோகினி மேடமும் வந்திருந்தார்.

மேடையேறியவர்கள் எல்லாரும் கவரைக் கொடுத்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"தேவன் வரலையா?"

"காய்ச்சல்," என்றான் மாப்பிள்ளை, வேர்க்க வேர்க்க. ஒருவர் விடாமல் பயபக்தியோடு தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

விருந்தில் மணமக்கள் ஒவ்வொரு மேசையாக வந்தபோது, ரதி பஞ்சாலையின் பக்கத்தில் குனிந்தாள். அவள் முதுகுக்குப் பின்னாலேயே சத்தியசீலன் நின்றிருந்தான்.

"அத்தை, யாரு அந்தத் தேவன்? எங்க சுவாவுல எனக்குத் தெரியாம அப்படி ஒருத்தர் இல்லையே. ஏன் எல்லாரும் அவரைக் கேட்டுட்டு இவ்வளவு பத்திரமா மூஞ்சியை வெச்சிக்கிறீங்க?"

பஞ்சாலை அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டாள்.

"திருவிழா அன்னிக்குக் கத்தி மேல நின்னுக்கிட்டு முனியாண்டி போட்ட உத்தரவும்மா: 'இதைப் படம் பிடிச்சு ஊருக்கே காட்டுங்க, நான் மலையேறினதும் இந்தக் கூச்சக்காரப் பையன் அது நான் இல்லம்பான், அவன் என்ன புளுகுனாலும் ஒருத்தரும் சிரிக்காம தலையாட்டணும்.'"